சகலை தொட்ட ஒயர்!

போன் அடித்தது.

எலெக்ட்ரீஷியன் டெஸ்டரின் கையிலிருந்த டீ கிளாஸ் லேசாக ஆடியது. ஆனால் ஒரு சொட்டு சிந்தவில்லை. ஊசி முனை இடுக்கில் ஒயர் நுழைக்கிற கை அது... லேசில் நடுங்காது!

மணி அடிக்கட்டும் என்று விட்டார். உடனே எடுத்தால் காத்திருந்தது தெரிந்துவிடும் இல்லையா?

"என்னங்க... போன் அடிக்குது, காதுல விழலையா?" சமையலறையிலிருந்து மனைவி.

"விழுது, விழுது."

விழாமல் என்ன? இந்த போனுக்காகத்தானே விடிந்ததிலிருந்து கண்ணாடி முன்னால் நின்று சோகத்தை ஒத்திகை பார்த்தார்! 'ஐயோ, எப்படி நடந்துச்சு?' என்பதை எந்த ராகத்தில் இழுப்பது, புருவத்தை எவ்வளவு தூக்குவது, எந்த இடத்தில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்காருவது... எல்லாம் முடிவாகிவிட்டது.

தொண்டையைச் செருமினார். எடுத்தார்.

"ஹலோ..."

"சகலை... நான்தான் பேசறேன்..."

கிளாஸ் நழுவியது. தரையில் சிதறியது.

காரணம்...

யாருடைய சாவுச் செய்திக்காகக் காத்திருந்தாரோ, அவனே போனில் பேசுகிறான்!

"சகலை... கேக்குதா? பெரிய கொடுமை நடந்துபோச்சு. நம்ம பல் டாக்டர் போயிட்டாரு..."

"எங்கே போயிட்டாரு?"

"செத்துப்போயிட்டாரு சகலை! அவரு கார் ராணி மோதி... ஷெட்டுக்குள்ளயே... சுவரோட வெச்சு..." குரல் உடைந்தது. "போலீஸ் வந்திருக்கு. இன்ஸ்பெக்டர் மேடம் உங்களையும் கூட்டிட்டு வரச் சொல்றாங்க."

"எ... என்னை எதுக்கு?"

"வாங்க சகலை... சீக்கிரம்."

போன் செத்தது.

ஒத்திகை பார்த்த 'ஐயோ' அப்படியே தொண்டையில் நின்றுபோனது.

மனைவி துடைப்பத்தோடு ஓடி வந்தாள். "யாருங்க? தங்கச்சி வீட்டுக்காரரா? நல்லா இருக்காரா?"

"ம்ம்... ரொம்ப நல்லா இருக்கான்!" என்றார் டெஸ்டர், பல்லைக் கடித்துக்கொண்டு.

* * *

டெஸ்டரையும் மீட்டரையும் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் கொலையில் ருசி இருக்காது.

இரண்டு பேரும் கார் எலெக்ட்ரீஷியன்கள். அக்காவைக் கட்டியவர் ஒருவர், தங்கையைக் கட்டியவன் ஒருவன். மூத்தவரின் சட்டைப் பையில் ஒரு டெஸ்ட் பல்பு, ஒயர் வாலோடு எப்போதும் தொங்கும். அதனால் டெஸ்டர். இளையவன் கையில் எண் காட்டுகிற, கீச் கீச்சென்று கத்துகிற மீட்டர். அதனால் மீட்டர்.

இரண்டு கடைகளும் எதிரெதிரே. அதுதான் வினை! டெஸ்டர் நிமிர்ந்து பார்த்தால் கண்ணில் படுவது வானம் அல்ல, பூமி அல்ல... சகலையின் வாசலில் வரிசை கட்டி நிற்கிற வண்டிகள்!

மீட்டர் கடைக்கு ஃபேன் மாட்டினான். உடனே எதிர்க்கடையில் டெஸ்டருக்கு வியர்த்தது... அதற்கு முன்னால் அவருக்கு வியர்த்ததே இல்லை!

மீட்டருக்கு ஜலதோஷம் வந்தது. தெருவே வந்து விசாரித்தது. டெஸ்டரும் ஒரு வாரம் விடாமல் தும்மிப் பார்த்தார். ஒரு பூனைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை!

மாமனார் வீட்டுக்குப் போனால் இன்னும் மோசம். மீட்டர் ஜோக் அடித்தால் மாமனார் பல்செட் தெறிக்கச் சிரிப்பார். அதே ஜோக்கை டெஸ்டர் சொன்னால், "ம்... அப்புறம்?" என்பார்.

இத்தனையையும் டெஸ்டர் பொறுத்துக்கொண்டார் ஐயா. பொறுத்துக்கொண்டார்!

ஆனால் ராணி...?

ராணி, பல் டாக்டரின் பழைய கார். வெண்ணெய் நிறம். உருண்டைக் கண் விளக்குகள். டாக்டரைவிட வயதில் கொஞ்சம்தான் இளையது. அதன் உடம்புக்குள் ஓடுகிற ஒவ்வொரு ஒயரும் டெஸ்டர் கைப்பட இழுத்தது. மற்றவர்கள்போல் கறுப்பு டேப்பைச் சுற்றிவிட்டுப் போகிற ஆள் இல்லை அவர். மெழுகு தடவிய நூலால் கட்டுவார். முடிச்சு... இடைவெளி... முடிச்சு... இடைவெளி. பெண்ணுக்கு ஜடை பின்னிய மாதிரி இருக்கும்! ஊரில் வேறு எவனுக்கும் அந்தப் பொறுமை கிடையாது.

போன மாதம் டாக்டர் சொன்னார். "தப்பா நினைக்காதீங்க. ராணியை இனிமே உங்க சகலையே பார்க்கட்டும். அவர்கிட்ட மீட்டர் இருக்கு பாருங்க!"

தப்பாக நினைக்கக் கூடாதாம்!

அன்றைக்கு டெஸ்டரின் வயிற்றில் பற்றிக்கொண்ட நெருப்பில் ஒரு கல்யாணத்துக்கே சமைத்திருக்கலாம்.

நேற்று மதியம்... டாக்டர் கிளினிக்கில். டாக்டரம்மா தூக்கத்தில். டெஸ்டர்... அவர்கள் வீட்டு கார் ஷெட்டில்!

ஸ்டார்ட்டர் ரிலே என்பது காருக்குள் இருக்கிற ஒரு குட்டிக் காவல்காரன். சாவியைத் திருப்பினால் மெல்லிய ஒயர் ஒன்றில் அவனுக்குச் சேதி வரும். 'டிக்' என்று கதவைத் திறப்பான். பாட்டரியின் மொத்த பலமும் ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் பாயும். சாவி திருப்பாவிட்டால்? காவல்காரன் அசைய மாட்டான்.

டெஸ்டர் அவனுக்கு இன்னொரு வழியில் சேதி வர ஏற்பாடு செய்தார்.

எஞ்சினை மூடியிருக்கிற பானெட்டுக்கு அடியில் ஒரு சின்ன விளக்கு உண்டு. பானெட்டைத் தூக்கினால் தானாக எரியும். அதற்குச் சாவியே வேண்டாம். அந்த விளக்கிலிருந்து தலைமுடி கனத்தில் ஒரு ஒயர்... நேராக ரிலேயின் சேதி ஒயருக்கு!

அவ்வளவுதான். பானெட்டைத் தூக்கினால் விளக்கு எரியும். விளக்கோடு ஸ்டார்ட்டரும் சுற்றும்!

ராணிக்கு ஹேண்ட் பிரேக் பிடிக்காது. முதல் கியரில் போட்டு, மூக்கு சுவரைப் பார்க்க நிறுத்துவதுதான் டாக்டரின் வழக்கம். கியரில் நிற்கிற வண்டியில் ஸ்டார்ட்டர் சுற்றினால், வண்டி பாயும். முன்னால் நின்று பானெட்டைத் தூக்குகிறவன்... சுவருக்கும் வண்டிக்கும் நடுவே சட்னி!

காலையில் சர்வீஸுக்கு வரப்போகிறவன் மீட்டர். டாக்டர் ஊரார் வாயைத் திறப்பாரே தவிர, பானெட்டைத் திறக்கவே மாட்டார்.

அதோடு டெஸ்டர் நிறுத்தினாரா? நிறுத்துவாரா! அந்த ஒயரின் நடுவில் மிளகு சைஸில் ஒரு டயோடு வைத்தார். கரன்ட்டை ஒரு பக்கமாக மட்டும் விடுகிற சாமான் அது. அது இல்லாவிட்டால், டாக்டர் சாவியைத் திருப்பும்போதெல்லாம் கரன்ட் திரும்பி ஓடி, பானெட் விளக்கும் பளிச்சென்று எரியும். யாராவது பார்த்துவிட்டால்?

கடைசியில் எல்லாவற்றையும் நூலால் கட்டினார். கொலையாக இருந்தால் என்ன? வேலை வேலைதானே!

* * *

ஷெட் வாசலில் ஜீப் நின்றது.

டாக்டரின் உடலை எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். சுவரில் ஒரு சிவப்புக் கறை. அதன் எதிரில் ராணி, பானெட்டைத் தூக்கிக்கொண்டு, கொட்டாவி விடுகிற மாதிரி நின்றது.

பக்கத்தில் மீட்டர். கண்கள் சிவந்திருந்தன. டெஸ்டரைப் பார்த்தான்... உடனே தரையைப் பார்த்தான்.

'நடிக்கிறான்' என்று நினைத்தார் டெஸ்டர்.

இன்ஸ்பெக்டர் ஒரு பெண். வலது கன்னம் பூசணிக்காயாக வீங்கியிருந்தது. டாக்டர் பாதியில் விட்டுப்போன கடைவாய்ப்பல்!

"நீங்கதான் டெஸ்டரா?"

"ஆமா மேடம்."

"முன்னாடி இந்த வண்டிக்கு நீங்கதான் வேலை பார்த்தீங்களாம்?"

"ஆமா மேடம். போன மாசத்தோட நிறுத்திட்டேன்."

"நிறுத்திட்டீங்களா... நிறுத்திட்டாங்களா?"

டெஸ்டர் சட்டைப் பையில் தொங்கிய ஒயர் வாலை உள்ளே திணித்தார்.

"சாவி டாக்டர் சட்டைப் பையில. வண்டிக்குள்ள ஆள் இல்ல. நின்ன வண்டி தானா பாஞ்சிருக்கு! ஆளைக் கொன்ன மாட்டைப் பார்த்திருக்கேன், பாம்பைப் பார்த்திருக்கேன். தானா கொன்ன காரை இப்பதான்... ஆஹ்!" கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். "ஒரு வாரமா வேதனை. இன்னிக்குச் சாயங்காலம் சரி பண்றேன்னு சொன்ன மனுஷன் காலையிலேயே போயிட்டாரு!"

"ரொம்ப நல்ல மனுஷன் மேடம்."

"கேஸ் ஒண்ணும் பெரிசில்ல. உங்க சகலை கண்டுபிடிச்சிட்டாரு."

டெஸ்டரின் இதயம் நின்றது. ஷெட் சுற்றியது. ராணி இரண்டாகத் தெரிந்தது!

"க... கண்டுபிடிச்சிட்டானா? என்ன... என்ன கண்டுபிடிச்சான்?"

"எலி."

"எ... எலியா?"

"எலிதான். ஏம்ப்பா, அந்தக் கீச்சுக் கீச்சை வெச்சு இன்னொரு தடவை காட்டு. உங்க சகலையும் பார்க்கட்டும்."

மீட்டர் முன்னால் வந்தான். ரிலேயின் சின்னக் கறுப்புப் பெட்டியைப் பிடுங்கினான்.

"இதான் ஸ்டார்ட்டர் ரிலே. இந்தக் காலுக்கு பாட்டரியிலருந்து எப்பவும் கரன்ட் வரும். பாருங்க..." மீட்டரின் முனையை வைத்தான். எண்கள் ஓடி நின்றன. "இந்தக் கால் ஸ்டார்ட்டருக்குப் போகுது. இது பூமி ஒயர். இந்த நாலாவது காலுக்குத்தான் சாவியிலருந்து சேதி வரணும். சாவி போடலை... இப்போ வரக் கூடாது, வரலை. ஆனா இங்க பாருங்க மேடம். சாவி ஒயரும் பானெட் விளக்கு ஒயரும் பக்கத்துப் பக்கத்துல போகுது. எலி ரெண்டையும் கடிச்சு வெச்சிருக்கு. செம்பு தெரியுது. பானெட்டைத் தூக்கின அதிர்ச்சியில ரெண்டும் ஒட்டியிருக்கு. விளக்குக்கு வந்த கரன்ட், ரிலேயைத் தட்டிவிட்டுடுச்சு."

கீச்! மீட்டர் கத்தியது.

"ஒன்னாந்தரம்!" என்றார் இன்ஸ்பெக்டர். "கரன்ட்னா எனக்கு ஷாக் அடிக்கறது மட்டும்தான் தெரியும். எனக்கே புரிஞ்சுதுன்னா பார்த்துக்கோங்க!"

டெஸ்டருக்குள் குளுகுளுவென்று ஒரு காற்று அடித்தது.

தப்பித்தோம்! மடையன்... மடையன்! கையில் அத்தனை விலை மீட்டர், கண்ணுக்கு முன்னால் என் ஒயர், அதைக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. எலியாம்!

எலியா...?

காற்று நின்றது. லேசாகப் புகைய ஆரம்பித்தது.

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு மதியம் பூராவும் இழைத்த வேலை... எலி கடித்ததா?

"டெஸ்டர்... இங்க ஒரு கையெழுத்து." இன்ஸ்பெக்டர் காகிதத்தை நீட்டினார். "வண்டியைத் தெரிஞ்ச ரெண்டு பேர் போடணும். சகலை போட்டாச்சு. நீங்களும் 'ஆமா, எலிதான்'னு போட்டீங்கன்னா இது விபத்து. ஃபைலை மூடிட்டு நான் வேற பல் டாக்டரைத் தேடிப் போவேன்."

பேனா கைக்கு வந்தது.

ஒரு கிறுக்கல். அவ்வளவுதான். தூக்குக் கயிற்றுக்கும் வீட்டு ஈஸிசேருக்கும் நடுவே ஒரே ஒரு கிறுக்கல்!

போட்டுத் தொலையுமய்யா!

பேனா காகிதத்தைத் தொட்டது.

"ஏம்ப்பா மீட்டர்," என்றார் வாசலில் நின்ற கான்ஸ்டபிள், "எங்க ஜீப் ஹார்ன் அடிக்க மாட்டேங்குது. என்னான்னு பாரேன். உன்னை மாதிரி மூளைக்காரன் ஊருக்கு ஒருத்தன் இருந்தா போதும்."

பேனா நின்றது.

மூளைக்காரனாம்!

"அட, ஜீப் மட்டும் என்ன?" என்றார் இன்ஸ்பெக்டர். "ஸ்டேஷன் வண்டி மொத்தத்தையும் இனிமே இவருக்குத்தான் அனுப்பப்போறேன்."

டெஸ்டரின் காதிலிருந்து ஆவி வந்தது.

மீட்டர் பக்கத்தில் வந்து குனிந்தான். கிசுகிசுத்தான். "சகலை... போட்டுட்டுக் கிளம்புங்க. அக்கா தனியா இருப்பாங்க."

ஓஹோ... என்னைத் துரத்திவிட்டு மொத்தப் பேரையும் நீ அள்ளிக்கொள்ளலாம் என்று பார்க்கிறாயா?

"எனக்குத் தெரியும். நீ உன் வேலையைப் பாரு!"

"சகலை... சொன்னா கேளுங்க. ப்ளீஸ்..."

அப்போதுதான் உள்ளே வந்தார் டாக்டரம்மா. அழுது அழுது குரல் போயிருந்தது. ராணியைப் பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நேத்து சாயங்காலம்கூட இதுல ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போனாரு... இனிமே இது என் கண்ணுல படக் கூடாது." மீட்டரின் கையைப் பிடித்தார். "தம்பி... நீதான் முதல்ல ஓடி வந்து அவரை இழுத்தே. இந்த வண்டியை நீயே எடுத்துட்டுப் போயிடு. உனக்கே உனக்கு!"

ராணி...

மீட்டருக்கு!

"வேண்டாம்மா," என்றான் மீட்டர், தலையைக் குனிந்துகொண்டு. "எனக்கு வேண்டாம்."

வேண்டாமாம்! ராணி வேண்டாமாம்! உலகத்தில் டெஸ்டர் ஆசைப்பட்ட ஒரே பொருள் தானாக மடியில் வந்து விழுகிறது... அதைத் தட்டிவிடுகிறான்!

படக்!

பேனா இரண்டாக உடைந்தது. டெஸ்டரின் விரலெல்லாம் நீலம்.

"மேடம்!" ஷெட் கூரையில் இருந்த காக்கைகள் பறந்தன. "இது எலி வேலையே இல்ல!"

மீட்டரின் முகம் வெளுத்தது. "சகலை!"

"சும்மா இரு! உனக்கு என்னடா தெரியும்? மேடம், மீட்டர் இருந்தா போதுமா? மண்டை வேண்டாமா? எலி கடிச்சு ரெண்டு ஒயரும் ஒட்டினா கரன்ட் ரெண்டு பக்கமும்தான் ஓடும். சாவியைத் திருப்பினா பானெட் விளக்கும் எரியணும். அம்மா... நேத்து சாயங்காலம் சார் வண்டியை ஸ்டார்ட் பண்ணப்போ, பானெட் இடுக்குல வெளிச்சம் தெரிஞ்சுதா?"

டாக்டரம்மா குழம்பினார். "இல்லையேப்பா... நான் முன்னாடிதான் நின்னுட்டிருந்தேன். ஒண்ணும் தெரியலையே."

"பார்த்தீங்களா! கரன்ட் ஒரு பக்கமாதான் போயிருக்கு!"

"சகலை... வேண்டாம் சகலை..."

"எலி நேத்து சாயங்காலத்துக்கு அப்புறம் கடிச்சிருக்கலாமே?" என்றார் இன்ஸ்பெக்டர், கன்னத்தைத் தடவியபடி.

நியாயமான கேள்விதான். ஆனால் டெஸ்டர் இப்போது நியாயத்தைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தார்.

"எலி எலின்னு ஏன் மேடம் என் உயிரை வாங்கறீங்க? இது கையால செஞ்ச வேலை. நேர்த்தியான வேலை. டயோடு வெச்சு செஞ்ச வேலை. எந்த எலி மேடம் டயோடு வைக்கும்?"

"டயோடா? அப்படின்னா?"

"கரன்ட்டை ஒரு பக்கம் மட்டும் விடற சாமான். மிளகு சைஸ்ல இருக்கும். இந்த ஊர்ல பாதிப் பேருக்கு அதை எந்தப் பக்கம் வைக்கணும்னே தெரியாது!"

"அது இந்த வண்டியில இருக்குங்கறீங்க?"

டெஸ்டரின் மூளையில் ஒரு பல்பு எரிந்தது. அடடா! கடைசியாக இந்த வண்டியில் கை வைத்தவன் யார்? மீட்டர்! ஒயரை வெளியே எடுத்துக் காட்டிவிட்டால்... பழி அவன் தலையில்! புகழ் என் தலையில்!

"இருக்கு மேடம். இந்த மூளைக்காரன் கண்ணுல படலை. நான் காட்டறேன், வாங்க!"

ராஜநடை போட்டு ராணியிடம் போனார். கண்ணை மூடிக்கொண்டே கையை உள்ளே விட்டார். விளக்குக்கு அடியில்... ஒயர்க் கட்டுக்குப் பின்னால்... இடது பக்கம் இரண்டு விரல் தள்ளி...

விரல்கள் தேடின.

துழாவின.

நூல் இல்லை. முடிச்சு இல்லை. பிசுபிசுவென்று கறுப்பு டேப் மட்டும்!

கண்ணைத் திறந்தார். குனிந்தார். தலையையே உள்ளே விட்டார்.

"எங்கே போச்சு?"

ஒயர்க் கட்டை இரண்டு கையாலும் விலக்கினார்.

"நேத்து மதியம் இங்கேதானே..."

நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் வார்த்தை வெளியே போய் வெகுநேரம் ஆகியிருந்தது!

இன்ஸ்பெக்டர் கன்னத்திலிருந்து கையை எடுத்தார். பல்வலி போன இடம் தெரியவில்லை.

"நேத்து மதியம்...?" மெதுவாகக் கேட்டார். "போன மாசத்தோட நிறுத்தினவருக்கு நேத்து மதியம் இங்க என்ன வேலை?"

டெஸ்டர் கையை வெடுக்கென்று வெளியே இழுத்துக்கொண்டார்.

தொப்பென்று ஒரு சத்தம்.

மீட்டர் தரையில் உட்கார்ந்திருந்தான். தலை இரண்டு கைகளுக்கு நடுவில்.

"ஏன் சகலை?" என்றான். "ஏன்...? ஒரு கையெழுத்துதானே கேட்டாங்க?"

"எங்கேடா என் ஒயரு?"

மீட்டர் தன் கருவிப் பெட்டியைத் திறந்தான். அடியில் ஒரு கைக்குட்டை. பிரித்தான்.

தலைமுடி கனத்தில் ஒயர். மெழுகு நூல். முடிச்சு... இடைவெளி... முடிச்சு. நடுவில் மிளகு சைஸில் ஒரு டயோடு!

"டாக்டர் போன் பண்ணினாரு. நான் வழியில இருந்தேன். 'பானெட்டைத் தூக்கி வைங்க டாக்டர், இதோ வந்துட்டேன்'னு சொன்னது நான்தான்." சுவரின் கறையைப் பார்த்தான். "வந்து பார்த்தா ஸ்டார்ட்டர் உறுமிக்கிட்டே இருக்கு. பாட்டரி ஒயரைப் பிடுங்கினேன். அப்பதான் இந்த நூல் கண்ணுல பட்டுது. நூல் கட்டறது யாருன்னு எனக்குத் தெரியாதா? இன்னிக்குப் பானெட்டைத் தூக்க வேண்டியது யாருன்னும் தெரியும். எல்லாம் புரிஞ்சுது சகலை. உங்க கோபம் என் மேல. பாவம், அவரு போயிட்டாரு."

"புரிஞ்சுமா... எலின்னு சொன்னே?"

"வேற என்ன சொல்ல? நீங்க உள்ள போனா அக்கா என்ன பண்ணுவாங்க? போலீஸ் வர்றதுக்குள்ள இதைப் பிடுங்கிட்டு, ரெண்டு ஒயரைப் பிளையரால கடிச்சு வெச்சு, பாட்டரியை மறுபடி மாட்டினேன். நான்தான் சகலை அந்த எலி!"

டாக்டரம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு விம்மினார். கான்ஸ்டபிள் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

டெஸ்டர் ராணியின் மேல் சாய்ந்துகொண்டார்.

இத்தனை வருடம் எதிர்க்கடையில் உட்கார்ந்து யாரைக் கண்ணால் எரித்துக்கொண்டிருந்தாரோ, யாரைச் சுவரில் வைத்து நசுக்கப் பார்த்தாரோ, அவன்... அவர் கழுத்தைக் காப்பாற்ற எலி வேஷம் கட்டியிருக்கிறான்! அந்த வேஷத்தையும் தானே கிழித்தாயிற்று.

கண்ணில் நீர் வந்தது. நிஜமான நீர். ஒத்திகை இல்லாதது.

மீட்டர் அந்த டயோடை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். "ஆனா ஒண்ணு சொல்றேன் சகலை. என்ன வேலை! கரன்ட்டைத் திரும்பி வர விடாம... எனக்கெல்லாம் சத்தியமா தோணியே இருக்காது."

டெஸ்டரின் முகம் பளிச்சென்று எரிந்தது. "நிஜமாவா சொல்றே?"

"நிஜமா."

"அந்த முடிச்சு? அது எப்படி?"

"பிரிக்கவே மனசு வரலை சகலை."

"போதும்யா!" இன்ஸ்பெக்டர் கத்தினார். "கொலைகாரனும் தடயத்தை மறைச்சவனும் என் முன்னாடியே கொஞ்சிக் குலாவுறாங்க! ரெண்டு பேரையும் ஏத்துய்யா வண்டியில!"

கான்ஸ்டபிள் விலங்குகளோடு வந்தார். க்ளிக். மீட்டருக்கு. க்ளிக். டெஸ்டருக்கு.

இருவரையும் ஜீப்பில் ஏற்றினார்கள். எதிரெதிரே உட்கார வைத்தார்கள். ஜீப் கிளம்பியது. டெஸ்டர் தலையைக் குனிந்திருந்தார். தோள்கள் குலுங்கின. திருந்திவிட்டார் என்றுதான் இன்ஸ்பெக்டரே நினைத்தார். தண்ணீர் பாட்டிலைக்கூட நீட்டினார்.

டெஸ்டர் அதை வாங்கவில்லை. தன் மணிக்கட்டைப் பார்த்தார். எதிரில் மீட்டரின் மணிக்கட்டைப் பார்த்தார். மறுபடியும் தன்னுடையதைப் பார்த்தார்.

மெல்ல நிமிர்ந்தார்.

"மேடம்... கொலை பண்ணினது நான். அவனுக்குப் பளபளன்னு புது விலங்கு... எனக்கு மட்டும் ஏன் இந்தத் துருப்பிடிச்சது?"